பின்னணியில் ஒரு சிவப்பு

மித்கால் வந்து சேர்வதற்கு முன்பே யாரோ பூவின் பக்கத்துப் புல்லை வட்டமாகப் பிடுங்கி வைத்திருந்தார்கள்.

பிடுங்கியதோடு விடவில்லை. வேரெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் ஒரு பக்கமாக வரிசையாகப் படுக்கவும் வைத்திருந்தார்கள். மாதபா ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் மித்காலுக்கு இது கொஞ்சம் உறுத்தியது. உலகத்திலேயே அப்படி அடுக்குகிற ஆள் தான் ஒருவன்தான் என்று அதுநாள்வரை நினைத்திருந்தான். பூவைக் கிட்டத்தில் படமெடுக்கிறவனுக்குப் பின்னணியில் ஒரு துரும்பு நீட்டிக்கொண்டிருந்தாலும் ஆகாது. ஒரே ஒரு படத்துக்காக அடுத்தவர் வாற்கோதுமையில் அரைப் பாத்தியை மொட்டையடித்துவிட்டு, வயல்காரரிடம் வெட்டுக்கிளி வந்ததாகச் சாட்சி சொன்னவன் அவன்.

"ஹம்தான் வந்துட்டுப் போயிருக்கான்டா," என்று கத்தினான்.

கீழே சாலையோரம் காரில் சாய்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மைத்துனன் அவாத் நிமிரக்கூட இல்லை. "வந்தவன் பூவை முழுசா விட்டுட்டா போவான்? நீ விடுவியா மச்சான்?"

விடமாட்டான். படமெடுத்து முடித்ததும் பூவைக் குதிகாலால் நசுக்கிவிட்டு வருவதுதான் மித்காலின் வழக்கம். அதே பூ இன்னொருவன் கேமராவில் சிக்கக் கூடாது. இரண்டு வருடமாக ஊர்க் காலண்டரின் அட்டையில் ஹம்தான் எடுத்த பூதான். இந்த வருடத்துக்குப் படம் கொடுக்க இன்றே கடைசி நாள். மலையில் எஞ்சியிருந்ததும் இந்த ஒரு கறுப்புச் சௌசனாப் பூதான்: உள்ளங்கை அகலம், பழுத்த அத்திப்பழத்தின் தோலைப் போன்ற கறுப்பு, நடுவில் கட்டைவிரல் நுழையுமளவுக்கு ஒரு பொந்து.

மண்டியிட்டான். அம்மானில் கேமரா விற்கும் கிழவர் பொகோஸ், லென்ஸ் வாங்கப் போன அன்றைக்கே சொன்னார்: "நீள லென்ஸை வாங்கிக்கோங்க ஐயா, ஒரு முழம் தள்ளி நின்னு எடுக்கலாம். குட்டி லென்ஸ்னா மூக்கு பூவில முட்டும். சுத்தி என்ன நடக்குதுன்னே தெரியாது." எனக்குப் பூ தெரிந்தால் போதும் என்று மித்கால் குட்டி லென்ஸைத்தான் வாங்கினான்.

வேலையை முறைப்படி தொடங்கினான். ஆடும் தண்டை இரண்டு பக்கமும் கிளிப்பால் கவ்வினான். கிளிசரின் கலந்த தண்ணீரை இதழ்மேல் பீய்ச்சினான். ஐஸ்பெட்டியில் விறைக்க வைத்திருந்த தேனீயை எடுத்து, காலில் பசை தொட்டு, பொந்தின் வாசலில் நிறுத்தினான். வெயில் பட்டதும் தேனீ விழித்துக்கொண்டு, பலமாக இழுத்து, பறந்துவிட்டது. ஒரு கால் மட்டும் இதழிலேயே நின்றது. மித்காலுக்கு அது ஒன்றும் மோசமாகப் படவில்லை.

இவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸில் தெளிவாக விழுவது தலைமுடி கனம்தான். அதனால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நாற்பது படம் எடுத்து, அப்புறம் கணினியில் ஒரே படமாக ஒட்ட வேண்டும். எடுக்க எடுக்க, இதழில் நின்ற நீர்த்துளிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. ஒவ்வொரு துளிக்குள்ளும் பூவுக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவு தலைகீழாகத் தொங்கியது: குட்டிக் கார், குட்டிச் சாலை, அவாத்தின் சிவப்புக் கட்டத் தலைத்துணி.

"அவாத்! உன் சிவப்பு படத்துல விழுதுடா, நகரு!"

"ஏன், மலை உங்கப்பன் எழுதி வச்சதா?" என்றாலும் நகர்ந்தான்.

அடுத்த படத்தில் சிவப்புக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. லென்ஸில் தூசி என்று துடைத்தான். அதற்கடுத்ததில் கோடு கொஞ்சம் தடித்திருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தான். மலை, கார், அவாத், வெயில், காட்டுக் கடுகின் வாசம், எங்கோ ஆட்டுமணி. கறுப்பு எதுவும் இல்லை. மறுபடி குனிந்தான். எல்லாத் துளியிலும் கோடு இருந்தது. எல்லாத் துளியிலும் அது இடுப்பு வளைந்து, பொறுமையாக, அவாத்தின்மேல் குனிந்துகொண்டிருந்தது.

"அவாத், நகருடா!"

ஈரமண்ணிலிருந்து முள்ளங்கியைப் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம். சிவப்பு பெரிதானது. துளி நிறையப் பரவியது. பிறகு அறவே இல்லை.

இப்படியொரு சுத்தமான பின்னணி மித்காலுக்கு ஆயுளில் அமைந்ததில்லை. பழக்கதோஷம், விரல் அழுத்திவிட்டது. அப்புறம்தான் நிமிர்ந்தான்.

சாலையோரம் அவாத்தின் செருப்புகள் நின்றன. உள்ளே பாதங்களும் நின்றன. கணுக்காலுக்கு மேலே ஒன்றுமில்லை. மீதி ஆள் அந்தப் பக்கம் நேராகப் படுக்க வைக்கப்பட்டிருந்தான், தலை ஒரு பக்கமாக.

ஆட்டுமணி நின்றுவிட்டது.

எழ முயன்றான். முடியவில்லை. இரண்டு விலாவையும் ஏதோ கவ்வியிருந்தது. வலிக்காமல். ஆடாமல் இருக்கும்படி மட்டும். குனிந்து பார்த்தபோதுதான் புல் பிடுங்கிய வட்டம் கண்ணில் சரியாகப் பட்டது. வட்டம் பூவைச் சுற்றி இல்லை. பூ அதன் ஓரத்தில் இருந்தது.

நடுவில் அவன் இருந்தான்.

முகத்தில் குளிர்ந்த நீர் பீய்ச்சியடித்தது. நாக்கில் தித்தித்தது. கிளிசரின். அது அவனுடைய பாட்டில் இல்லை.

கேமரா கையிலிருந்து மெதுவாக விலக்கப்பட்டது. பிடித்திருந்த விரல்கள் முகத்துக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தன. பார்க்கிறவர்களுக்கு உறுத்தும்தான்.

முதல் விரல்.

கத்தினான். சத்தம் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை போலிருக்கிறது.

இரண்டாவது. மூன்றாவது. அவசரமேயில்லை. ஒவ்வொன்றையும் புல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. நகமெல்லாம் ஒரு பக்கம்.

பத்தும் ஆனது.

எதிரே ஒரு க்ளிக். கொஞ்சம் கிட்டே இன்னொன்று. இன்னும் கிட்டே. மயிரிழை மயிரிழையாக. அவன் எண்ணினான். எண்ணாமல் இருக்க முடியவில்லை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. இமையில் தொங்கிய துளிக்குள் மலை தலைகீழாக, மாசு மருவில்லாமல், அழகாக இருந்தது.

நாற்பது.

சத்தம் நின்றது. விலாவைக் கவ்வியிருந்தது விட்டது. மித்கால் மல்லாக்கச் சாய்ந்தான்.

படமெடுத்து முடித்ததும் என்ன செய்வது வழக்கம் என்று அவனுக்குத் தெரியும்.

வெயில் மறைந்தது. மேகமில்லாத வானத்திலிருந்து, மலையை மூடுமளவு அகலமாக, மண் ஒட்டிய ஒரு குதிகால் இறங்கிக்கொண்டிருந்தது.