பூஜிதா கேட்ட கடைசிப் பாட்டு

காரமடையில் பூஜிதாவின் வீட்டு வாசலில் நவநீத் பைக்கை நிறுத்தியபோது நல்ல வெயில். "சீக்கிரம் வந்துருங்க, தனியா இருக்கப் பயமா இருக்குதுங்க" என்று நிறைமாதமாக இருக்கும் மனைவி ஹர்ஷிணி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். கல்லூரிக் காலத்தில் உயிருக்கு உயிராய்க் காதலித்த பூஜிதா காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். துக்கம் விசாரிக்காமல் எப்படி இருப்பது?

"அவ ரூம்ல கடைசியாக் கேட்ட ரெக்கார்டு அப்படியே இருக்குதுங் கண்ணு. ஒருக்கா போடுங்க, எனக்குப் போடத் தெரியாது" என்றார் பூஜிதாவின் அம்மா ராமாமணி.

அந்த இங்கிலீஷ் ராக் ஆல்பம்! செத்துப்போன பெண்ணொருத்தி கல்லறைக்குள்ளிருந்து காதலனைக் கூப்பிடும் பாட்டுகள். இருவரும் எத்தனை மழை நாட்களில் அதைக் கேட்டு உருகியிருப்பார்கள்! இன்று கிதார் முனகத் தொடங்கியதுமே அவன் கதவுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். ஜன்னல் சாத்திய அறையில் ஈரத்துணி வாடை வேறு. கடைசிப் பாட்டில் அந்தப் பெண் வா, வா என்று கெஞ்சினாள். முடிந்ததும் ரெக்கார்டு பெட்டியின் பிளக்கையே பிடுங்கிவிட்டான்.

எழுந்தான். இழவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். வருகிறேன் என்றால் சாவையே திரும்ப அழைத்த மாதிரி, பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கோயமுத்தூர்க்காரனின் பாழாய்ப்போன மரியாதை இருக்கிறதே!

"போயிட்டு வாரேனுங்க."

ராமாமணியின் முகம் வெளுத்தது. "ஐயோ, என்ன கண்ணு சொல்லிப்போட்டீங்க!"

பிளக் பிடுங்கிய பெட்டியிலிருந்து பதில் வந்தது.

"சரீங்க. வாங்க."

பூஜிதாவின் குரல்.

பைக்கை எப்படி எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. கோவையைப் பார்த்து விரட்டினான். பெரியநாயக்கன்பாளையம் தாண்டியது நிச்சயம். அடுத்த திருப்பத்தில் பூஜிதாவின் வீடு நின்றது. வாசலில் ராமாமணி அழுதுகொண்டிருந்தார்.

"உள்ள வராதீங்க கண்ணு. கால்ல உழுகறேன், போயிருங்க!"

"போகத்தானுங்கம்மா பார்க்கறேன்... முடியலீங்க" என்று குழந்தையாய் அழுதான். கால்கள் தம் பாட்டுக்கு நடந்தன. கை கேட்டைத் திறந்தது.

செல்போன் அடித்தது. ஹர்ஷிணி.

"ஏனுங்க, வலி வந்துருச்சுங்க. எங்க இருக்கறீங்க?"

என்னைக் காப்பாற்று என்று கத்தத்தான் வாயைத் திறந்தான். வாய் வேறு சொன்னது.

"ஊட்டுலதானுங்க இருக்கேன்."

நடுங்கும் குரலில் ஹர்ஷிணி கேட்டாள்.

"பக்கத்துல ஆருங்க பாடறது?"