சந்துக்கு மேலே ஒரு ஓசை

பத்மநாபன் வந்த நேரம் சாந்தாமணி பணியாரக் கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் ஷூவைக் கழற்றி வாசலில் விட்டு, ஒரு பெண்ணின் கைப்பையையும் ஒரு போனையும் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பார்த்துப் பழகிய முகம்தான். ஜனவரியில் மனைவி ஸ்வர்ணா மாரடைப்பில் போனதிலிருந்து மனிதர் பாதியாகியிருந்தார்.

"நஞ்சுண்டன் சார், எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரியணும். அந்த ரெண்டு மணி நேரம் அவ எங்க இருந்தா?"

நஞ்சுண்டன் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் கிளெய்ம்களைத் துருவி ஓய்வு பெற்றவர். கடல் கடந்து வந்து அவர்கள் குடியேறிய மான்மவுத் ஜங்ஷன் வட்டாரத்தில் எந்தச் சிக்கலும் அவரிடம்தான் வரும். வந்த கையோடு விடை சொல்பவள் அவர் மனைவி சாந்தாமணி. இதுவரை ஒரு விடையும் சரியாக இருந்ததில்லை. அதற்காக அவள் சளைத்ததும் இல்லை.

"உக்காருங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றார் நஞ்சுண்டன்.

போன செப்டம்பரில் பெய்ஜிங் டூர். அங்கே ஹுதொங் என்று பழைய சந்துகள். சாம்பல் நிறச் செங்கல் சுவர்கள், எதிரெதிரே இரண்டு குடை வந்தால் ஒன்றை மடக்க வேண்டிய அகலம். ஸ்வர்ணா ஒவ்வொரு சிவப்புக் கதவுக்கும் நின்றாளாம்.

"பஸ் மிஸ் ஆயிடும், வர்றதுன்னா வா, இல்ல எங்கயாவது போய்த் தொலைன்னு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன் சார். திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம், ரெண்டு மணி நேரம். மழை வேற கொட்டுது, குடை எங்கிட்ட. மழை விட்டுக் கொஞ்ச நேரத்துல பஸ்ஸுக்கு வந்தா. போனை நீட்டி என்னமோ சொல்ல வந்தா. ஒண்ணும் சொல்லாதன்னுட்டேன். அதுக்கப்புறம் அவளும் சொல்லல, நானும் கேக்கல." அவர் கைப்பையின் வாரைத் தடவினார். "என் மேல கோவத்துல மழையில அலைஞ்சாளா? என்னை விட்டே போயிடணும்னு நெனச்சாளா?"

'கோவமேதானுங்க' என்று வாயெடுத்த சாந்தாமணி, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"இது அவ போன். தினம் சார்ஜ் போடறேன், லைனை கட் பண்ண மனசு வரல. கேலரில அன்னிக்கு ஒரே வீடியோதான். பைக்குள்ள தானா ரெக்கார்ட் ஆயிருக்கும்போல."

படம் எதுவும் தெரியவில்லை. வெறும் சாம்பல் திரை, கூடவே ஒரு ரீங்காரம்.

"ட்ரோனுங்க," என்றாள் சாந்தாமணி.

நஞ்சுண்டன் கண்ணை மூடி மூன்று தடவை கேட்டார். பிறகு கைப்பையைக் கவிழ்த்தார். சீப்பு, மாத்திரை, அடியில் கொஞ்சம் மக்காச்சோள மணிகள், காய்ந்த பட்டாணி. "பஸ்ஸுக்கு வந்ததும் எடுத்த போட்டோ ஏதாச்சும் இருக்குதுங்களா?"

பத்மநாபனின் போனில் கைடு எடுத்த குரூப் போட்டோ இருந்தது. நஞ்சுண்டன் அதைப் பெரிதாக்கி மனைவியிடம் நீட்டினார். "என்ன தெரியுது சாந்தா?"

"ஷூ ரெண்டும் தொப்பலா நனைஞ்சிருக்குதுங்க. பாவம், மழையில அலைஞ்சிருக்கறாங்க."

"தலை?"

முடி காற்றில் பறந்துகொண்டிருந்தது. சுடிதாரில் ஒரு பொட்டு ஈரமில்லை. "காஞ்சு கெடக்குதுங்க."

"ஆளு நனையாம ஷூ மட்டும் எப்படி நனையும்?"

சாந்தாமணியின் கண் தன் வீட்டு வாசலுக்குப் போனது. "வெளிய கழட்டி உட்டிருக்கறாங்க!" என்று கத்தினாள். "யாரோ ஊட்டுக்குள்ள போயிருக்கறாங்க! எந்த ஊருக்குப் போனாலும் நம்ம பழக்கம் போகுங்களா?"

நஞ்சுண்டன் தலையாட்டினார். சாந்தாமணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"இப்ப சத்தத்தைக் கேளுங்க. கிட்ட வருது, தூரப் போகுது, சுத்தி மறுபடி வருது. அதுலயும் ஒத்தைக் குரலில்ல, ஏழெட்டு இருக்குது. மெஷின் இப்படிப் பாடாதுங்க. பையில பறவைத் தீனி வேற." நஞ்சுண்டன் லேப்டாப்பில் தேடி ஒரு வீடியோவை ஓடவிட்டார். பெய்ஜிங் சந்தில் ஒரு வீட்டு முற்றம். ஒருவர் புறாக்களின் வாலில் குட்டி மூங்கில் ஊதல்களைக் கட்டிப் பறக்கவிட்டார். கூட்டம் எழும்பியதும் அதே ரீங்காரம் கேட்டது.

சாந்தாமணிக்கு மெய்சிலிர்த்தது. நயாகராவைப் பார்த்தே 'தண்ணிதானுங்களே' என்றவள் அவள். "வானமே பாடுதுங்களே," என்றாள். பணியாரம் கருகுவதை யாரும் கவனிக்கவில்லை.

"அப்போ இந்த கிரே ஸ்கிரீன்?" என்றார் பத்மநாபன்.

"பைக்குள்ளன்னா கருப்பா இருக்கோணும், சத்தமும் அமுங்கியிருக்கோணும். இது மேகமுங்க. புறா வளக்கற ஊட்டுல மழைக்கு ஒதுங்கி, மழை விட்டதும் முற்றத்துல போனை மேல தூக்கிப் பிடிச்சிருக்கறாங்க." திரையின் வெளிச்சத்தைக் கூட்டினார். மேகத்தின் ஓரமாகப் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் வளைந்து போயின.

"யாருக்காக எடுத்தா?"

"இதே போன்ல, வாட்ஸ்அப்புல உங்க பேரைத் தொறந்து பாத்தீங்களா?"

"அதுக்குத் தைரியம் வரல சார்."

நஞ்சுண்டன் திறந்தார். அன்றைய தேதியில் அதே வீடியோ, பக்கத்தில் இன்னும் போய்ச் சேரவில்லை என்று காட்டும் குட்டிச் சிவப்புக் குறி. "அந்த ஊர்ல வாட்ஸ்அப் எடுக்காதுங்க. அவங்களுக்குத் தெரியல. நீங்க கத்துனதுக்கு அப்புறம், உங்களுக்குன்னு அனுப்பியிருக்கறாங்க. அதைத்தான் பஸ்ல சொல்ல வந்தது. பாதியில நின்னுட்டதால இங்க வந்தும் தானாப் போகல, மறுபடி அனுப்பட்டுமான்னு கேட்டுட்டு நிக்குது."

பத்மநாபன் விரலை நீட்டிவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சாந்தாமணிதான் அமுக்கினாள்.

பத்மநாபனின் சட்டைப்பையில் அவர் போன் மணி அடித்தது. எடுத்தார். ஸ்வர்ணா என்ற பெயர், வீடியோ, அதன் கீழே ஒரு வரி.

'கோவிச்சுக்காம தலையைத் தூக்கி மேல பாருங்க. சத்தம் கேக்குதா?'

பத்மநாபன் வீடியோவைப் போட்டுக் காதோடு வைத்துக்கொண்டார். கண்ணீர் தாரையாக வழிந்தது.

"கேக்குது ஸ்வர்ணா," என்றார்.