பின்வளவுக் கற்றாழை

கசப்புக்குக் கீரன் முகம் சுளிக்கவில்லை. அதுதான் மிருணாளினிக்கு முதலில் உறுத்தியது.

அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஒன்றரை வயது மகன் அதற்குள் பால் மறந்தாக வேண்டும். வெளிநாடு வந்தும், ஊரில் தாய்மார் செய்கிற வேலையைத்தான் அவளும் செய்தாள். குவேக்கர்ஸ் ஹில்லில் அவர்கள் புதிதாக வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்வளவில், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன தொட்டியொன்றில், கற்றாழை கொழுகொழுவென்று நின்றது. ஒரு மடலை முறித்து, வடிந்த மஞ்சள் சாற்றை மார்பில் தடவிக்கொண்டாள். பிள்ளை வாய் வைத்தான். துப்பவில்லை, அழவில்லை. சப்புக்கொட்டி நக்கிவிட்டு மடியிலிருந்து இறங்கிப் போய், பின்கதவுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்தபடி நின்றான்.

அன்றோடு பால் கேட்பதை விட்டுவிட்டான். மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் வரும் என்று சிநேகிதிகள் பயமுறுத்தியிருந்தார்கள். ஒரு வலியும் இல்லை. மறுநாளே வற்றிப்போயிற்று.

"நல்லதுதானே, சும்மா யோசிக்காதையும்" என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு சுதர்சன் ரயிலுக்கு ஓடினான். கணவன்மாருக்கு என்ன, எல்லாம் நல்லதுதான். சோற்றையும் தொடாத பிள்ளைக்கு நாளுக்கு நாள் கன்னம் எப்படி உப்புகிறது என்று அவளுக்கல்லவா சந்தேகம்.

வியாழக்கிழமை செடியைப் போனில் படம் பிடித்து, பெயர் சொல்லும் ஆப்பில் போட்டாள். முதல் படத்துக்கு ஒரு பெயர் சொன்னது. இரண்டாவதற்கு வேறொன்று. மூன்றாவதற்கு, படத்தில் செடி எதுவும் இல்லை என்றது. அவள் முறித்த மடலின் தழும்பைத் தேடினாள். அதையும் காணவில்லை.

பென்டில் ஹில்லில் நாற்பது தொட்டிகளில் கற்றாழையும் கள்ளியும் வளர்க்கிற யோகராணி அன்ரிக்குப் படங்களை அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது.

"கற்றாழை மாதிரித்தான் கிடக்கு பிள்ளை, எண்டாலும் எனக்கு மனம் ஒப்பேல்லை. முறிச்சா என்ன நிறத்தில வடியுது?"

"அண்டைக்கு மஞ்சளா வந்தது அன்ரி."

"இப்ப ஒருக்கா முறிச்சுப் பார். மஞ்சள் எண்டா கற்றாழை. வெள்ளைப் பால் வந்தா கள்ளி, நஞ்சு. பிள்ளையைக் கிட்ட விடாதை."

நஞ்சைத்தான் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேனோ? கீரன் தூங்கிக்கொண்டிருந்தான். அறைக்கதவைச் சாத்திவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே வளவுக்குப் போனாள். மதியம் இரண்டு மணி வெயிலில் சீமெந்துத் தரை கொதித்தது. பக்கத்து வீட்டு மரத்தில் எந்நேரமும் கத்துகிற வெள்ளைக் கிளிகளின் சத்தம் இல்லை. தொட்டியை நெருங்க நெருங்க, மண்ணுடையதுமல்லாத இலையுடையதுமல்லாத ஒரு புளித்த வாசம், ஏவறை விட்டுப் பால் கக்கிய குழந்தையின் கழுத்து மடிப்பில் வருவது, கனத்துக்கொண்டே வந்தது. மடலைப் பிடித்தாள். இளஞ்சூடாக இருந்தது. முறித்தாள்.

வெள்ளை. சொட்டுச் சொட்டாக.

"வெள்ளை, அன்ரி."

"ஐயோ, கையைக் கழுவு! கண்ணில பட்டா பார்வை போயிடும்!"

அவள் கழுவவில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றரை வருடமாக அவளுடைய சட்டையில், தலையணையில், தலைமயிரில் இருந்த வாசம். கள்ளிப்பால் இல்லை. அவளுடைய பால்.

பின்னால் வலைக்கதவு கிறீச்சிட்டது.

கீரன் அவளைப் பார்க்காமலே கடந்து போனான். தொட்டியருகே உட்கார்ந்தான். முறிந்த மடலை வாயில் வைத்தான். தொண்டை ஏறி இறங்கியது. மடக். மடக்.

"கீரன்! அம்மாட்ட வா!"

வாரித் தூக்கினாள். அந்நியர் கையில் அகப்பட்டவனைப் போல வீறிட்டான். அவளுடைய முகத்தைப் பார்த்தான். யாரென்று தெரியவில்லை அவனுக்கு.

"அம்மா!" என்று கதறினான். இரண்டு கைகளையும் தொட்டியை நோக்கி நீட்டிக்கொண்டு.

அவளுடைய கைகள் தளர்ந்தன. வழுக்கி இறங்கி, மீண்டும் போய் வாய் வைத்தான். அழுகை நின்றது.

"பிள்ளை? லைனில இருக்கிறியா, பிள்ளை?"

காற்றே இல்லை. ஓரத்து மடல் ஒன்று மெல்ல வளைந்தது. குழந்தையின் முதுகில் படிந்தது.

தட்டிக்கொடுக்கத் தொடங்கியது.