கொல்ல மறுத்த வியாழக்கிழமை

வியாழன் கோளின் நிலவான யுரோப்பாவின் பனிச்சுரங்கத்தில் வியாழக்கிழமை என்றால், ஊழியர்கள் காலைத் தேநீரைக் குடித்த கையோடு வரிசையில் நின்று, தங்கள் மேலாளரைக் கொன்றுவிட்டு வேலைக்குப் போவார்கள்.

இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. வரிசையில் நிற்கும்போது பிள்ளையின் பல்வலியைப் பற்றிப் பேசுவார்கள், கேன்டீன் சாம்பாரைத் திட்டுவார்கள், முறை வந்ததும் உள்ளே போய்க் கொன்றுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து சாம்பாரைத் தொடர்வார்கள்.

கொல்லப்படுவது அசல் மேலாளர் அல்ல. அவருடைய மூளைப்பதிவை அப்படியே ஏற்றி, செயற்கைத் தோலுக்குள் நுரையை அடைத்துச் செய்த உருவம். திருவேங்கடத்தின் அதே வழுக்கை, அதே இருமல், "பாக்கலாம், பாக்கலாம்" என்னும் அதே குரல். சட்டத்தில் அதற்கு நகலி என்று பெயர். சுரங்கத்தில் எல்லோரும் டூப்பு என்றார்கள். கொலை நடக்கும் அறைக்குச் சினமாற்றகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் வெளியே வந்து அடுத்தவர் உள்ளே போவதற்குள் அங்கிருக்கும் எந்திரம் டூப்பைத் தைத்து, நுரையை நிரப்பி, ஒன்றும் நடக்காததுபோல எழுப்பி நிறுத்திவிடும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பாங்கு உண்டு. லூர்துசாமி டூப்பைக் காற்றுப்பூட்டு வழியாக வெளியே தள்ளி, அது பனியில் விறைத்துச் சாய்வதைக் கண்ணாடி வழியே பார்த்துக் கையசைப்பார். ஜெய்லானி, தான் எழுதித் திருப்பி அனுப்பப்பட்ட அறிக்கையை முழுவதும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கழுத்தை நெரிப்பான். மூன்றாம் துளை எந்திரத்தை ஓட்டும் ஆவுடைக்கு ஸ்பானரால் ஒரே அடி. வளவளவென்று இழுப்பது அவளுக்குப் பிடிக்காது.

கொன்று முடித்ததும் தோள் லேசாகும். அந்த லேசோடு வெளியே வந்தால், வாசலில் அசல் திருவேங்கடம் நிற்பார். "குட் மார்னிங் சார்" என்பார்கள். அவரும் மகிழ்ச்சியாகத் தலையசைப்பார். மகிழாமல் என்ன? எத்தனை முறை கொல்லப்பட்டார் என்பதை வைத்துத்தான் மேலிடம் அவருக்குப் பதவி உயர்வு தரும். கொல்லப்படாத மேலாளர் வேலை வாங்காத மேலாளர் என்பது நிறுவனத்தின் கணக்கு.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் ஆவுடையின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பக்கத்து நிலவான கானிமீடில் முகூர்த்தம்.

"சார், தம்பி கல்யாணம். லீவு வேணும். சனிக்கிழமை சாயங்காலக் கப்பலை விட்டா வேற கப்பல் இல்ல" என்றாள் ஆவுடை.

"சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம். ஆனா கல்யாணம் அவனுக்குத்தானே?" என்றார் திருவேங்கடம்.

"நான் நாத்தனார் சார். தாலியில முதல் முடிச்சு அவன் போடுவான். மத்த ரெண்டும் நான்தான் போடணும்."

"காணொளியில போடலாமே?"

"முடிச்சையா?"

"இல்லன்னா அங்க ஒரு எந்திரக் கை வாடகைக்குக் கிடைக்குமே..."

"எந்திரக் கை எப்படி சார் நாத்தனாராகும்?"

திருவேங்கடம் இருமினார். "மூணாம் துளை எந்திரம் நிக்கக் கூடாதும்மா. லீவு கஷ்டம். உங்களுக்கு வருத்தமா இருக்கும், புரியுது. வேணும்னா இந்த வியாழக்கிழமை உங்களுக்குக் கூடுதலா ரெண்டு கொலை போட்டுத் தரேன். அந்தக் காற்றுப்பூட்டு முறைய ஒருதடவ முயற்சி பண்ணிப் பாருங்களேன். லூர்துசாமி ஆஹா ஓஹோங்கறார்."

வியாழக்கிழமை ஆவுடை ஸ்பானரோடு உள்ளே போனாள். டூப்பு வழக்கம்போலக் கையெடுத்துக் கும்பிட்டது. "வேணாம்மா, லீவு தரேன்மா, இன்கிரிமென்ட் கூடத் தரேன்மா" என்று அழுதது. எல்லா வாரமும் அது சொல்வதுதான். யாரும் முழுதாகக் கேட்டதில்லை.

அவள் ஸ்பானரை ஓங்கினாள். ஓங்கிய இடத்திலேயே கை நின்றது.

அப்பா இறந்தபோதும் லீவு கிடைக்கவில்லை. அன்றும் இதே அறை, இதே ஸ்பானர், இதே வழுக்கை. அடித்ததும் தோள் லேசானது. வேலை ஓடியது. அறைக்குப் போய்ப் படுத்தாள், நன்றாகத் தூங்கினாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்குக் குளிர்ந்தது. அப்பா செத்த அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கியிருக்கிறாள்.

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

டூப்பு ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "ஆச்சாம்மா?"

"இல்ல."

"அப்போ?"

"கொல்லல. அவ்வளவுதான்."

இவ்வளவு நேரம் உயிரோடு இருந்து அதற்குப் பழக்கமில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் இடுப்பில் வைத்தது, பிறகு பின்னால் கட்டிக்கொண்டது. கடைசியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தது.

"எனக்கும்தான் லீவு கிடைக்கல" என்றது மெதுவாக. "பையனோட பள்ளிக்கூட விழாவுக்குக் கேட்டேன். என் மேலாளரக் கூடுதலா ஒருதடவ கொன்னுக்கச் சொன்னாங்க. கொன்னேன். நல்லாத்தான் இருந்துச்சு." சற்று யோசித்தது. "பையன்தான் அதுக்கப்புறம் என்கிட்ட எதையும் சொல்றதில்ல."

வெளியே வந்தவளை லூர்துசாமி ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தாயி, சத்தமே கேக்கல? அதுக்குள்ள ஸ்பானரத் தொடைச்சும் வச்சிட்டியா?"

"கொல்லல அண்ணே."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. கோபம் அப்படியே இருக்கு. அது எனக்கு வேணும். கப்பல் கிளம்பற வரைக்கும் பத்திரமா வச்சுக்கப் போறேன்."

ஜெய்லானி பதறினான். "அக்கா, அவர ஒருதடவ நெரிக்கலன்னா எனக்கு வேலையே ஓடாதே!"

"ஓட வேணாம்."

லூர்துசாமி காற்றுப்பூட்டுப் பக்கம் பார்த்தார். அவர் பேத்தி பிறந்து, நடந்து, இப்போது பாட்டெல்லாம் பாடுகிறாளாம், காணொளியில்தான் கேட்டிருக்கிறார். கையசைப்பதற்காகக் கொண்டுவந்திருந்த கைக்குட்டையை மடித்துப் பைக்குள் போட்டார். "எனக்கும் இன்னிக்கு வேணாம்ப்பா" என்று வரிசையை விட்டு விலகினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் ஜெய்லானி மட்டும் நின்றான். தன் அறிக்கையை ஒருமுறை ஆசையோடு பார்த்துவிட்டு அவனும் போய்விட்டான். வாசலில் நின்ற திருவேங்கடத்துக்கு அன்று யாரும் குட் மார்னிங் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் முகம் தொங்கிப்போய்க் கேன்டீனுக்கு வந்தார்.

"நான் என்ன தப்பு பண்ணேன்? போன வாரம்கூட எவ்வளவு ஆசையா கொன்னீங்க! மேல இருந்து கேக்கறாங்க, உங்க ஆளுங்களுக்கு உங்க மேல பிரியமான்னு. என் பேர் என்னத்துக்கு ஆகும்?"

"லீவு குடுங்க சார், கொல்றோம்" என்றார் லூர்துசாமி.

"அது என் கையில இல்லைய்யா. ஒரே ஒருத்தர், லேசா... ஒரு அறையாவது விடக் கூடாதா?"

"பாக்கலாம் சார், பாக்கலாம்" என்றாள் ஆவுடை. கேன்டீனே சிரித்தது. திருவேங்கடம் சிரிக்கவில்லை.

ஆறாத கோபம் ஆபத்தானது என்பது மேலிடத்துக்குத் தெரியும். மறுநாளே சினமாற்றகத்தை மூடினார்கள். நகலிக்குப் பதிலாக வேறு என்ன செய்யலாம் என்று பழைய பூமியின் ஆவணங்களைத் தோண்டியபோது வரலாற்றுப் பிரிவுக்கு ஒரு புதையல் கிடைத்தது. இருபத்தோராம் நூற்றாண்டு மனிதர்களுக்கும் மேலாளர்கள் இருந்தார்கள். அவர்களையும் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு சொட்டு நுரைகூடச் சிந்தியதில்லை. அந்த மனிதர்கள், மேலாளர் இல்லாத வாட்ஸ்அப் குழுவில் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை, மேலாளர்களைக் கொல்லக் கிளம்பும் ஊழியர்களைப் பற்றிய படங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். திங்கட்கிழமை காலை எழுந்து, குளித்து, "குட் மார்னிங் சார்" என்றார்கள்.

இவ்வளவு மலிவான தொழில்நுட்பத்தை மனித இனம் எப்படித் தொலைத்தது என்று மேலிடம் வியந்தது.

சனிக்கிழமை மாலை முதல் காட்சி. சினமாற்றகத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். வேலை போய்விட்ட டூப்பைக் கதவருகே நிறுத்தி, வருகிறவர்களுக்குப் பாப்கார்ன் கொடுக்க வைத்திருந்தார்கள். ஆவுடையும் வந்தாள். கல்யாணப் புடவை வைத்த பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கதவின் வட்டக் கண்ணாடியில் கப்பலின் விளக்குகள் தெரிந்தன. முதல் சங்கு ஊதிவிட்டது. கொஞ்ச நேரம் பார்க்கலாம், அதற்குள் மனசு ஒரு முடிவுக்கு வரும் என்று நினைத்தாள்.

படம் பிரமாதமாக இருந்தது. மூன்று நண்பர்கள், மூன்று கொடுமைக்கார மேலாளர்கள். ஒருவரைக் கொல்ல விஷம் கலந்த பாயசத்தை நண்பர்கள் மாற்றி மாற்றி ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டார்கள். இன்னொருவரைத் தள்ளிவிடப் போய்த் தாங்களே கிணற்றில் விழுந்தார்கள். லூர்துசாமி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஜெய்லானி நாற்காலியிலிருந்து நழுவித் தரைக்கே வந்துவிட்டான். பின்வரிசையில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் திருவேங்கடம். அவருக்கும் ஒரு மேலாளர் இருக்கிறார் அல்லவா.

ஆவுடையும் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். பாயசக் கிண்ணம் மறுபடியும் சுற்றி வந்தபோது அவளுக்குத் தோள் லேசானது. கப்பல் போனால் என்ன, காணொளியில் பார்த்துக்கொள்ளலாமே என்றுகூடத் தோன்றியது. இன்று இரவு நன்றாகத் தூக்கம் வரும்.

சட்டென்று அவள் சிரிப்பு நின்றது. அந்த லேசு எதுவென்று அவளுக்குத் தெரியும்.

குனிந்து பையை எடுத்தாள். திரையில் மேலாளர் பாயசத்தை வாய்க்குக் கொண்டுபோகும் கட்டம். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அவள் எழுந்து நடந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?" பின்வரிசையிலிருந்து திருவேங்கடம் பதறினார். "நான் இன்னும் லீவு குடுக்கலையே!"

"நானும் இன்னிக்குக் கேக்கலையே சார். சொல்லிட்டுப் போறேன்."

லூர்துசாமியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் திரையைப் பார்க்கவில்லை, அவள் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

வெளியே இரண்டாம் சங்கு ஊதியது. டூப்பு பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டு அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டது.

"நல்ல கட்டத்துல எழுந்துட்டீங்களே. படம் பிடிக்கலையாம்மா?" என்றது, திருவேங்கடத்தின் குரலில்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள் ஆவுடை. "அதான் எழுந்துட்டேன்."