பதிலாள்

மாலை ஜெபத்தை வரிக்கு வரி கூடவே சொல்லிக்கொண்டு வந்த மனைவி, மன்னிப்பைப் பற்றிய வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். அது முடிந்ததும் மறுபடி சேர்ந்துகொண்டாள். போதகர் கண்ணைத் திறக்கவில்லை. வயதானவள், தொண்டை வறண்டிருக்கும் என்று நினைத்தார். மறுநாளும் அதே இடத்தில்தான் வறண்டது.

"அந்த ஒரு வரியை மட்டும் ஏன் விடறே?"

"எந்த வரிங்க?" என்றாள். உண்மையாகவே தெரியாத முகம்.

பஸ் பணிமனையில் இன்ஜினைப் பிரித்துக் கோத்தே காலம் தள்ளியவர் அவர். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். ஓய்வு பெற்ற கையோடு ஊழியத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையாப்பா? முட்டி வலிக்குதுன்னு மாடி ஏற மாட்டீங்க, மலை ஏறப் போறீங்களா?" என்று மகள் கத்தியதை இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிஷன் இந்தக் கல்குவாரிக் குடியிருப்புக்கு அனுப்பியது. ரோடு முடிந்த பிறகும் லாரித் தடத்தில் இடுப்பு கழன்றுவிடும்படி குலுங்கி வரவேண்டிய இடம். அவர்கள் வீட்டின் பின்பக்கம் அறுத்து நிறுத்திய மலை. ஜன்னலை மூடினாலும் கல்தூசி வரும். சோற்றில், படுக்கையில், பல்லிடுக்கில்.

குவாரியில் தண்ணீர் சுமக்கிற ஒருத்தி இருந்தாள். தண்ணிக்காரி என்றே எல்லோருக்கும் அவளைத் தெரியும். மற்றவர்கள் போதகரை ஐயா என்றார்கள். அவளுக்கு மட்டும் அவர் பெரியவர். குடத்தை இடது இடுப்பில் சாய்த்துக்கொண்டு, "என்ன பெரியவரே, உங்க ஆண்டவரு இன்னிக்காவது நம்ம பக்கம் திரும்பினாரா, இல்ல காண்ட்ராக்டர் வீட்டுலயே சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டாரா?" என்பாள். அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

வெடி வைப்பதற்கு முன்னால் சங்கு ஊத வேண்டும். லோடுக்கு நேரமாகிவிட்டதென்று காண்ட்ராக்டர் ஒருநாள் சங்கு ஊதாமலே வெடிக்கச் சொன்னான். அவள் மேல்தட்டில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். தூக்கி எடுக்க முடியவில்லை, அள்ளித்தான் எடுத்தார்கள்.

கடப்பாரைகளோடு ஜனம் காண்ட்ராக்டரை வளைத்துக்கொண்டபோது போதகர்தான் நடுவில் புகுந்தார். இன்னொரு சாவு விழக்கூடாது என்பது மட்டுமே அவர் மனதில் இருந்தது. அவளைப் புதைத்த குழிமேட்டில் எல்லோரையும் நிறுத்தினார். "உங்க வேலையில பதிலாள் உண்டா இல்லியா? ஒருத்தி வர முடியலேன்னா அவ இடத்துல இன்னொருத்தி நின்னா, அவளே நின்ன மாதிரிதானே? மன்னிப்பும் அப்படித்தான். அவ வர முடியாது. அவளுக்குப் பதிலா என் வீட்டுக்காரி நிப்பா."

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாங்க. அவ வாயை நான் எப்படி எடுத்துக்கறது?"

அவர் அவளைக் கைப்பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "நான் உன்னை மன்னிச்சிட்டேன்" என்று அவள் தண்ணிக்காரியாக நின்று சொன்னாள். காண்ட்ராக்டர் அவள் காலில் விழுந்து அழுதான். கடப்பாரைகள் இறங்கின.

"அவளே இருந்திருந்தா செருப்பால அடிச்சிருப்பா" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அந்த வாரத்திலேயே மனைவி ஜெபத்தில் வரியை விட ஆரம்பித்தாள். பிறகு நடை மாறியது. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வெறுங்கையோடு வரும்போதும் இடது இடுப்பைத் தூக்கி, வலது பக்கம் சாய்ந்து, எதையோ சிந்தாமல் கொண்டு வருகிறவள் போல வந்தாள். இடுப்பு பிடித்திருக்கிறதா என்று தைலம் தேய்க்கப் போனவர் கையை எடுத்துக்கொண்டார். இடுப்பெலும்புக்கு மேலே தோல் காய்த்துப்போய், குடத்தின் வயிறு அழுந்திய வளைவாகத் தடித்திருந்தது. வருஷக்கணக்காகச் சுமந்தவளுக்குத்தான் அப்படிக் காய்க்கும். அவள் உடம்பிலிருந்து எப்போதும் வரும் சோப்பு வாசனைக்கு அடியில் நனைந்த கல்தூசியும் கருகின வெடிமருந்தும் லேசாக மணத்தன.

டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். அப்படியே மகள் வீட்டுக்கு. ஊழியமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இவள் இவளாக இருந்தால் போதும். காண்ட்ராக்டரிடம் ஜீப் இருந்தது. சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி குவாரி மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பினார்.

"அவன் வரானா?" என்று கேட்டாள் மனைவி. யாரையும் அவன் இவன் என்று பேசாதவள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எழுந்து தலை வாரிக்கொண்டாள்.

வெயில் இறங்கியது. மலையின் நிழல் முதலில் கிணற்றை மூடியது, அப்புறம் வாசலை, அப்புறம் கூடத்துச் சிமென்ட் தரையில் ஈரம் பரவுவதுபோல நாற்காலிக்கால் வரைக்கும் வந்தது. போதகர் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு லாரித் தடத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஜீப் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேறு எந்தச் சத்தமும் இல்லையென்று உறைத்தது. சுத்தியல் இல்லை. பிள்ளைகள் அழவில்லை. அடுப்புப் புகை இல்லை. இந்த நேரத்தில் பெண்கள் குழாயடியில் சண்டை போடுவார்கள், அதுவும் இல்லை.

மேஸ்திரி வந்தான். வாசற்படி ஏறவில்லை. வீட்டுக்குள்ளே பார்க்கவும் இல்லை.

"காண்ட்ராக்டர் நேத்தே ஓடிட்டாராம் ஐயா. வீட்டைப் பூட்டிட்டு, குடும்பத்தோட."

"ஏன்?"

"தினம் ஒருத்தி வந்து தண்ணி வேணுமான்னு கேட்டாளாம்." நிறுத்தினான். "உங்க வீட்டம்மா குரல்லயாம்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். நடந்தவன் ஓடினான்.

பின்னால் கொலுசு இல்லாத காலடி. ஒரு பக்கம் அழுத்தி, ஒரு பக்கம் லேசாக. போதகர் எழுந்தார். நடந்தே போய்விடலாம். மெயின் ரோடு வரைக்கும் அவளைத் தூக்கிக்கொண்டாவது.

"வா, கிளம்பலாம்" என்று அவள் கையைப் பிடித்தார்.

கை அசையவில்லை. குளிர்ந்து, ஈரமாக, பாறையில் முளைத்தது மாதிரி இருந்தது. இழுத்தார். அது அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டது.

"அவன் வரலியா?"

"வரல. ஓடிட்டான். நீ வாம்மா. நாம போயிடலாம்."

"வராட்டிப் போறான்" என்றாள். குரலில் சிரிப்பு. "அதுக்கென்ன பெரியவரே? அவன் இடத்துல ஓர் ஆள் நின்னா அவனே நின்ன மாதிரிதானே?"

"அம்மாடி... அவளை விட்டுடு. அவ வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான்..."

"ஆமா. நீங்கதான்."

அவரை நகர்த்தினாள். மெதுவாக. கைப்பிடித்து, கூடத்தின் நடுவுக்கு. அன்றைக்கு அவர் அவளை நிறுத்திய மாதிரியே. காலுக்கு அடியில் தரை லேசாக அதிர்ந்தது. வெடிமருந்து நெடி மூக்கில் ஏறியது. பின்சுவருக்கு அந்தப் பக்கம், மலைக்குள்ளே, எரிகிற வெடித்திரி மாதிரி எதுவோ சீறிக்கொண்டு நெருங்கியது.

சங்கு ஊதவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தார். தூரத்தில், வெடிக்கு ஒதுங்கி நிற்கிற கயிற்றுக்கு அப்பால், குடியிருப்பு முழுவதும் நின்றுகொண்டிருந்தது. ஆண்கள். பெண்கள். ஓடிப்போன மேஸ்திரி. யாரும் கத்தவில்லை. யாரும் கூப்பிடவில்லை. எல்லோரும் இந்த வீட்டையே பார்த்தபடி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளின் காதை அவரவர் தாய் பொத்தியிருந்தாள்.