பதற்ற அளவு பதினெட்டு

பதற்றமானி பொருத்தாத கனரக லாரி எதுவும் அன்று காலை முதல் சாலையில் இறங்கக் கூடாது. அதனால் சங்ககிரிக்கு வெளியே இருந்த வாயு நிரப்பும் நிலையத்தில் விடிந்ததிலிருந்தே டேங்கர்கள் வரிசை கட்டி நின்றன. கருவிகளைப் பொருத்த வந்த ஆரிஃபா பதினோரு மணிக்குள் ஏழு வண்டிகளை முடித்திருந்தாள். எட்டாவது, பொங்கியண்ணன் ஓட்டும் வண்டி. பதினேழு டன் சமையல் வாயுவுடன் மதுரைக்குக் கிளம்பத் தயாராக நின்றது.

டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி, ஸ்டீயரிங்கைச் சுற்றி ஓர் உணர் உறை. கருவி அவ்வளவுதான். உறை ஓட்டுநரின் உள்ளங்கை வழியே நாடியையும் வியர்வையையும் படித்து, அவருடைய பதற்றம் நூற்றுக்கு எத்தனை என்று திரையில் காட்டும். எழுபதைத் தாண்டினால் வண்டி நின்றுவிடும். எண் இறங்கினால்தான் மறுபடி நகரும். முதலில் அறிமுகமான இரண்டு மாவட்டங்களில் விபத்துகள் பாதியாகக் குறைந்திருந்தன. ஆரிஃபாவுக்கு அந்தப் பெட்டியின் மேல் நம்பிக்கை இருந்தது.

"அம்மிணி, இது என்னேரமும் என்னையப் பாத்துக்கிட்டே இருக்குமுங்களா?" என்று கேட்டார் பொங்கியண்ணன். முப்பது வருடம் வண்டி ஓட்டியவர்.

பழகிவிட்டால் நினைவே இருக்காது என்று சொல்லி, ஆரிஃபா அவருடைய கையைப் பதிவு செய்தாள். இனி வேறு கை பட்டால் வண்டி நகராது. கம்பியை யாராவது வெட்டினால் பிரேக் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பெட்டிக்கு முத்திரை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான்கு கிலோமீட்டர் சோதனை ஓட்டம் பாக்கி இருந்தது.

சிமென்ட் ஆலைக்கு நிலக்கரி கொண்டுபோகும் ரயில் பாதை அந்தச் சாலையைக் குறுக்கே கடக்கிறது. கேட் கிடையாது, ஓர் எச்சரிக்கைப் பலகை மட்டும்தான். பொங்கியண்ணன் இருபுறமும் பார்த்துவிட்டு வண்டியை ஏற்றினார். திரையில் அறுபத்தாறு. அவரால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அறுபத்தெட்டு. ஏறுகிறதே என்ற பயத்தில் இன்னும் ஏறியது. எழுபத்தொன்றில் வண்டி நின்றது. டேங்க் சரியாகத் தண்டவாளத்தின் மேல் இருந்தது.

மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னாள் ஆரிஃபா. இரண்டே நிமிடத்தில் இறங்கிவிடும் என்றாள். அப்போது பாறைக்குப் பின்னால், பாதை வளையும் பக்கத்திலிருந்து ரயிலின் ஹாரன் கேட்டது.

எண்பத்து நான்கு.

கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள். ஓட்டுநருக்குப் பதற்றம் அதிகமாக இருக்கிறது, பத்து நிமிடம் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் என்று ஒருவர் கனிவாகச் சொன்னார். ரயில் வருகிறது என்று கத்தியபோது அவர் குரலும் மாறியது. ஆலைக்குத் தகவல் சொல்கிறேன் என்றார். ஆனால் அங்கிருந்து பூட்டைத் திறக்க மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும், எப்படியும் ஆறு நிமிடம் ஆகும்.

ஆறு நிமிடம் அவர்களிடம் இல்லை. ஆரிஃபா ஸ்டீயரிங்கில் தன் கையை வைத்துப் பார்த்தாள். 'பதிவில்லாத கை' என்றது திரை. பையிலிருந்து கட்டரை எடுத்தவள், பிரேக் பூட்டிக்கொள்ளும் என்பது நினைவுக்கு வர, அப்படியே வைத்தாள். பாதைக்கு அப்பால் ஆலைத் தொழிலாளர் வீடுகள் வரிசையாகத் தெரிந்தன. கொடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இருவரும் குதித்து ஓடிவிடலாம். அந்த வீடுகளால் ஓட முடியாது.

தொண்ணூற்று மூன்று.

"எறங்கி ஓடுங்க அம்மிணி," என்றார் பொங்கியண்ணன். "நீங்க பக்கத்துல இருக்கற வரைக்கும் என்ற நெஞ்சு அடங்காது."

"உங்கள விட்டுட்டு எப்படிண்ணா?"

"ஓடுங்க."

அவள் இறங்கி, தன் ஆரஞ்சு அங்கியைக் கழற்றி வீசியபடி ரயிலை நோக்கித் தண்டவாளத்தின் ஓரமாக ஓடினாள். வளைவில் இன்ஜின் தெரிந்தது. பிரேக் கிறீச்சிட்டது. நாற்பது பெட்டி நிலக்கரி அவ்வளவு சீக்கிரம் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். இன்ஜின் அவளைக் கடந்து போனது. திரும்பிப் பார்த்தாள். டேங்கர் அசையவில்லை.

பிறகு அது நகர்ந்தது. பேருந்து நிலையத்திலிருந்து வெளியேறும் வண்டியைப் போல, அவசரமே இல்லாமல். ஒரு லாரி நீள இடைவெளியில் இன்ஜின் அதன் பின்னால் கடந்துபோனது.

அவள் மூச்சிரைக்க ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது, அவர் கைகள் இன்னும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன. திரையில் பதினெட்டு. எப்படிண்ணா முடிந்தது என்று கேட்டாள். அவர் தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு பாட்டில் முழுவதையும் குடித்தார்.

ஆரிஃபா நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினாள். ஒரே மாதத்தில், ரயில் பாதையின் மேல் பதற்றமானி வண்டியை நிறுத்தாதபடி மாற்றினார்கள். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் எல்லா லாரிகளின் பதிவுகளையும் சேர்த்துப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் மைய இயந்திரம், பொங்கியண்ணன் வண்டியின் அன்றைய பதிவிலிருந்து வேறொன்றையும் கற்றிருந்தது. ரயில் நூறு மீட்டரில் வரும்போது ஒரு மனிதர் பதினெட்டில் இருந்திருக்கிறார், வண்டியைப் பிசகில்லாமல் எடுத்திருக்கிறார். அப்படியானால் வெறும் சாலையில் அதற்குமேல் பதற்றம் எதற்கு? ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லா வண்டிகளுக்கும் புதிய வரம்பு போய்ச் சேர்ந்தது. இருபது.

பத்தே நிமிடத்தில் ஓசூரிலிருந்து தூத்துக்குடி வரை லாரிகள் அந்தந்த இடத்திலேயே நின்றுபோயின. நின்றுவிட்டதே என்று ஓட்டுநர்கள் பயந்தார்கள். எண்கள் மேலும் ஏறின. பால் வண்டிகள், மருந்து வண்டிகள், அவற்றுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ்கள். சங்ககிரி சுங்கச்சாவடியில், கத்தும் ஓட்டுநர்களுக்கு நடுவே ஆரிஃபா நின்றபோது கைபேசி ஒலித்தது. திண்டுக்கல் சாலையிலிருந்து பொங்கியண்ணன்.

"என்ற வண்டியும் நிக்குதுங்க அம்மிணி."

இருபது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கட்டுப்பாட்டு அறை சொல்லியிருந்ததை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அது அவருடைய கையிலிருந்துதான் வந்தது.

"அன்னிக்கு நீங்க எறங்கிப் போனதும், செத்துட்டோம்னு முடிவு பண்ணிட்டனுங்க," என்றார் அவர். "சம்சாரத்து மொகத்தக்கூட நெனைக்கல. எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு உக்காந்திருந்தேன். அப்பத்தான் வண்டி நவுந்துச்சு."

இப்போது திரையில் எத்தனை என்று அவள் கேட்டாள்.

"இன்னிக்கு எனக்கு ஊட்டுக்குப் போகோணுமுங்க அம்மிணி. முப்பத்தஞ்சுக்குக் கீழ எறங்கவே மாட்டேங்குது."