திருப்பிச் சொன்ன குரல்

கருவிக்குள்ளிருந்து, அவள் சொன்னதையே யாரோ திருப்பிச் சொன்னார்கள்.

கீழே பவர்லூம்கள் ஓடும்போது ஆரணி ஊரிலிருந்த அந்த வீட்டில் குழந்தை மாடியில் வீறிட்டாலும் அடுப்படிக்குக் கேட்காது. அதனால்தான் தேவிப்ரியா பேபி மானிட்டர் வாங்கியிருந்தாள். தூளிக்குப் பக்கத்தில் ஒன்று, அவள் கையில் ஒன்று. பொத்தானை அழுத்தினால் இவள் பேசுவது அங்கே கேட்கும். பருப்பு வேகும் மணமும் சாயம் போட்ட நூலின் ஈர வாடையும் கலந்து நின்ற அந்தச் சாயங்காலத்தில், தறி அதிர்வில் அலமாரிக் கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்க, கருவியில் குழந்தை மதிவதனி சிணுங்குவது கேட்டு அவள் பொத்தானை அழுத்தினாள்.

"தூங்குடி கண்ணு."

"தூங்கணும்," என்றது ஓர் ஆண் குரல். சிணுங்கல் நின்றது.

எதிரொலி என்றால் தன் குரலாக இருக்க வேண்டும். இது பதற்றமே அறியாத குரல். பின்னால் காற்றின் இரைச்சல். சென்னை விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில், பிரசவ விடுப்புக்கு முன்புவரை, இப்படிப்பட்ட குரல்களோடுதான் அவள் வாழ்ந்தாள். எந்த உயரம், எந்தத் திசை என்று அவள் சொல்வாள். விமானி அதைத் திருப்பிச் சொல்லித் தன் விமானத்தின் பெயரையும் சொல்வார். தவறிருந்தால் உடனே 'நெகட்டிவ்' என்று திருத்த வேண்டும். இல்லையென்றால் பேசாமலிருந்தால் போதும். அவள் மௌனமே அனுமதி.

இந்தக் குரல் பெயர் சொல்லவில்லை.

"யார்கிட்ட பேசிகினு கீற?" மாமியார் கமலம் அடுப்படி வாசலில் நின்றாள்.

"குழந்தைகிட்ட, அத்தை."

"வானத்துல போறவனுக்கெல்லாம் வழி சொன்னவ, ஒரு புள்ளய தூங்கவைக்க இம்மாம் பேஜாரா?" கமலம் மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். "சதீஷ் சொன்னானா? உன் போன்லேர்ந்தே ராஜினாமா அனுப்பிட்டான். ஜல்தியா முடிஞ்சிச்சி. இனிமே மனசு அலையாது. நான் போய்ப் புள்ளய பாக்கறேன்."

காலையில் சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று கணவன் சதீஷ் போனை வாங்கிப் போனது நினைவுக்கு வந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் மௌனம்கூட அவனுக்குத் தேவைப்படவில்லை.

மாடியில் மறுபடி அழுகை. மார்பில் பால் கசிந்து ரவிக்கை நனைந்தது.

"இத யாராச்சும் தூக்கினு போனா தேவல," என்று முணுமுணுத்தாள்.

கட்டைவிரல் பொத்தானை அழுத்தியிருந்தது. வாய் திறந்தாலே விரல் அழுத்திவிடும். வேலையில் படிந்த பழக்கம்.

"தூக்கினு போறோம்," என்றது குரல். பிறகு காத்திருந்தது.

திருத்த வேண்டும். அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த ஓரிரு மூச்சில் அவளுக்குள் பயம் இல்லை. ஓர் இளைப்பாறல் இருந்தது. தன் நாற்காலி, தன் ஹெட்செட், யாரும் தொடாத தன் உடம்பு. அது என்னவென்று அவளுக்கே புரிந்து கூசியபோது நேரம் கடந்திருந்தது.

"நெகட்டிவ்."

கீச்சென்ற ஓசை. மறுமுனையில் பொத்தான் அழுந்தியே இருந்தது; ஒரு முனை அழுத்தியிருக்கும்வரை மறுமுனையின் பேச்சு போகாது. அவள் குரல் போகவில்லை.

"நெகட்டிவ். வேணாம். நான் சொல்லல."

அழுகை நின்றது.

ஓடினாள். படிகள். இருட்டு. காலுக்குக் கீழே தறிகளின் அதிர்வு.

கமலம் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். "மெதுவா வா. நான் வந்ததும் கப்புனு அடங்கிட்ச்சி, பாரு."

தேவிப்ரியா தூளித் துணியை விலக்கினாள். மதிவதனியின் மூக்கு. மதிவதனியின் முடி. பால் மணம் இல்லை. கன்னம் சில்லிட்டிருந்தது.

கையிலிருந்த கருவி இரைந்தது. காற்று. எஞ்சின். நடுவே ஓர் அழுகை. விக்கி விக்கி, அவள் குழந்தையின் அழுகை.

"அத்தை, கேக்குதா?"

"இன்னாது? அதான் தூங்கினு கீதே."

தூளியில் இருந்தது கண்ணைத் திறந்தது. அழவில்லை. அவள் வாயையே பார்த்தது. அடுத்து என்ன சொல்வாள் என்று.

கருவியில் அழுகை தூரத்தில் கேட்டது. இன்னும் தூரத்தில். இன்னும் உயரத்தில்.